நாடு தழுவிய சைக்கிள் பாதைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து எதை முன்மொழியலாம்?

கோண்டாவில் பெடியன்

வணக்கம். எங்கள் பக்கத்துச் சனசமூக நிலையங்களும் சில விளையாட்டுக் கழகங்களும் சேர்ந்து ஒரு முன்மொழிவு எழுதத் தொடங்கியிருக்கிறோம். நாடு முழுவதையும் இணைக்கிற சைக்கிள் பாதைகள் வேண்டும். வடக்கில் அவை எங்கே எங்கே ஓட வேண்டும் என்பதை, கொழும்பில் இருந்து யாரும் கீறித் தர முன்னம், இங்கே சைக்கிள் ஓடுகிறவர்களே எழுதிக் கொடுக்க வேண்டும். 2023 இல் கலைந்த பிரதேச சபைகள் 2025 மே தேர்தலுக்குப் பிறகு மறுபடி இயங்குகின்றன, ஆகவே கடிதத்தைக் கொடுக்கவும் திரும்பத் திரும்பப் போய்க் கேட்கவும் இப்போது ஆட்கள் இருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தாருக்குச் சைக்கிளைப் பற்றிச் சொல்லித் தரத் தேவையில்லை. 1990 க்குப் பிறகு போரால் பெற்றோல் வராத காலத்தில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், நெல்லை மில்லுக்குக் கொண்டுபோனதும், கலியாணவீட்டுக்குப் போனதும் சைக்கிளில்தான். 2022 இல் எண்ணெய் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நின்றபோது வீட்டுக் கோடியில் துருப்பிடித்துக் கிடந்த லுமாலா சைக்கிள்கள் எல்லாம் மறுபடி கடைக்கு வந்தன, ரயர் ரியூப் விலை எங்கேயோ போனது. கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கீட்டில் எடுக்கிற முறை வந்து எண்ணெய் ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கியதும் பெரியவர்கள் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பிவிட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகிறவர்கள், மேசன் வேலைக்குப் போகிறவர்கள் இன்னும் சைக்கிளில்தான். அவர்களுக்கென்று வீதியில் ஒரு முழ அகலம்கூட ஒதுக்கப்படவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்க முடியாத விஷயம்.

கூட்டத்தில் மூன்று கட்சியாகப் பிரிந்து நிற்கிறோம். ஒரு பகுதியினர் நாட்டின் வட முனையான பருத்தித்துறையில் இருந்து தென் முனையான தேவேந்திரமுனை வரை ஒரே கோடாகப் பாதை கேட்கலாம், அப்போதுதான் மேலே இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்கிறார்கள். இன்னொரு பகுதியினர் தீவுப்பகுதியைக் காட்டிச் சுற்றுலாவுக்கென்று கேட்கலாம் என்கிறார்கள். நானும் சிலரும் சொல்வது, முதலில் பிள்ளைகள் ஓடுகிற ஒழுங்கைகளைச் சரிசெய்து, அவற்றை இணைத்துக்கொண்டு வெளியே போகலாம் என்பது. உங்கள் அபிப்பிராயம் என்ன? வேறு நாடுகளில் ஊர்ச்சனம் முன்மொழிந்து இப்படி ஏதும் நடந்திருக்கிறதா? முன்மொழிவில் என்ன என்ன கட்டாயம் இருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கோ.

---

கடல்கடந்த சுன்னாகம்

தம்பி, நான் இப்போது இருப்பது நியூசிலாந்தின் தென் தீவில். நீங்கள் கேட்டது இங்கே அப்படியே நடந்த விஷயம், ஆகவே சொல்கிறேன்.

உலகப் பொருளாதார நெருக்கடி நேரம், 2009 பெப்ரவரியில் வேலைவாய்ப்புப் பற்றிய மாநாடு ஒன்றை அப்போதைய பிரதமர் ஜோன் கீ கூட்டினார். அதில் எழுந்த யோசனைகளில் ஒன்று, நாட்டின் வடக்கே தொடங்கித் தெற்கே முடிகிற ஒரே சைக்கிள் பாதை. உங்கள் பருத்தித்துறை–தேவேந்திரமுனைக் கட்சியின் யோசனையேதான். கணக்குப் பார்த்தபோது ஒரே கோடு என்றால் செலவும் காலமும் கட்டுப்படியாகாது, பாதி தூரம் பெரிய நெடுஞ்சாலை ஓரமாகவே போக வேண்டிவரும் என்று தெரிந்தது. அதனால் கோட்டைக் கைவிட்டு, ஒவ்வொரு பிரதேசமும் தனக்குத் தெரிந்த நல்ல துண்டை முன்மொழியட்டும் என்று மாற்றினார்கள். அரசாங்கம் 5 கோடி நியூசிலாந்து டொலர் ஒதுக்கியது, உள்ளூர்ச் சபைகளும் ஊர் அமைப்புகளும் தங்கள் பங்குக்குப் பணம் போட வேண்டியிருந்தது. அந்த வருடம் யூலையிலேயே முதல் 7 பாதைகளை அறிவித்துவிட்டார்கள். இன்றைக்கு 23 பெரும் பாதைகள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையிலான வெளிகளை வாகனம் குறைந்த நாட்டுப்புற வீதிகளைத் தெரிந்தெடுத்து, பலகை நட்டு இணைத்துக்கொண்டு வருகிறார்கள். பாருங்கள், இணைப்பு கடைசியில்தான் வந்தது.

அதற்கு முன்னோடியாக இருந்தது ஒட்டாகோ என்ற இடத்தில் கைவிடப்பட்ட ரயில் பாதை. 1990 இல் ரயில் நின்றது, 1993 இல் இயற்கைப் பாதுகாப்புத் திணைக்களம் அந்த நிலத்தை எடுத்தது, 2000 இல் முழுவதும் திறந்தது, ஏறத்தாழ 150 கிலோமீற்றர். தொடக்கத்தில் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை. ஆடு மாடு கலையும், வேலிப் படலையைத் திறந்துவிட்டுப் போவார்கள், யார் யாரோ காணிக்குள் வருவார்கள் என்ற பயம். பிறகு மூடிக் கிடந்த கடைகள் திறந்தன, பழைய வீடுகள் தங்குமிடமாயின, எதிர்த்தவர்களின் பிள்ளைகளே அதில் பிழைக்கிறார்கள். ஊரவர்கள் சேர்ந்த நம்பிக்கை நிதியம் ஒன்று இன்றுவரை அதைக் கவனித்து வருகிறது.

வெளிநாட்டு உதாரணம் நமக்குச் சரிவராது என்று யாரும் சொன்னால் மலையகத்தின் பீக்கோ ட்ரெயிலைக் காட்டுங்கள். நடைபாதைதான், சைக்கிளுக்கு உரியதல்ல, ஆனாலும் வேலை செய்த முறை முக்கியம். வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலை கொண்டுபோகப் போட்ட பழைய தோட்டப் பாதைகளை இணைத்து, கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற மாதிரி 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் அமைத்திருக்கிறார்கள். புதிதாக வீதி போட்டதே குறைவு. இருந்ததைத் தேடி எடுத்து, துப்புரவாக்கி, வரைபடம் போட்டு, பலகை நட்டார்கள்.

என் அபிப்பிராயம்: துண்டு துண்டாகக் கேளுங்கள், ஆனால் ஒவ்வொரு துண்டும் எங்கே போய் முட்டும் என்பதைச் சேர்த்தே எழுதுங்கள்.

---

வல்லைவெளி

ஒரே கோடா துண்டா என்ற விவாதத்துக்கு முன் குடாநாட்டின் படத்தை எடுத்து மேசையில் வையுங்கள். வலிகாமத்தில் இருந்து வெளியே போக வழிகள் எத்தனை? தென்மராட்சிக்குப் போக நாவற்குழிப் பாலம், அல்லது கோப்பாயில் இருந்து கைதடிக்குப் போகிற வீதி. வடமராட்சிக்கு வல்லை, கரையோரமாக என்றால் தொண்டைமானாறு. தீவுகளுக்குப் பண்ணை, காரைநகருக்குப் பொன்னாலை. வேறு எங்கே போனாலும் கடல்நீரேரி மறிக்கும். 1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூட்டையைக் கரியரில் கட்டிக்கொண்டு, சைக்கிளை ஓட முடியாமல் உருட்டிக்கொண்டு, விடியும்வரை நாவற்குழிப் பக்கம் அங்குலம் அங்குலமாக நகர்ந்த சனம் அது.

ஆகவே நான் சொல்வது, ஒழுங்கைகளை எவ்வளவு அழகாக்கினாலும் இந்த ஐந்தாறு பாலங்களிலும் தாம்போதிகளிலும் சைக்கிளுக்கு இடம் இல்லையென்றால் வலையமைப்பு என்ற பேச்சே இல்லை. ஒழுங்கைக்குள் சைக்கிள்காரர் எப்படியோ சமாளித்துப் போய்விடுவார். பாலத்தில் பின்னால் டிப்பர் கோர்ன் அடித்துக்கொண்டு வரும்போது ஒதுங்கக் கரையே கிடையாது. முன்மொழிவின் முதல் பக்கத்தில் இந்தப் பாலங்கள் வர வேண்டும்.

அப்புறம் காற்று. இதைக் கொழும்பில் இருந்து பார்க்கிற பொறியியலாளருக்கு யாரும் சொல்ல மாட்டார்கள், நாங்கள்தான் எழுத வேண்டும். வைகாசி தொடங்கிப் புரட்டாதிவரை சோளகம், தென்மேற்கில் இருந்து வருகிற காற்று. பண்ணைத் தாம்போதியில் வேலணைப் பக்கம் போகிறவருக்கு அது நேர் முகத்தில் அடிக்கும். வல்லை வெளியில் பக்கவாட்டாக வந்து சைக்கிளை வீதி நடுவுக்குத் தள்ளும். மாரியில் வாடைக்காற்று வேறு. கோடு மட்டும் கீறிவிட்ட பாதையில் காற்று ஒரு தட்டுத் தட்டினால் பேருந்துக்குக் கீழேதான் போக வேண்டும். தாம்போதிகளில் உயரமான கட்டு வைத்துப் பிரித்த பாதை வேண்டும், வெளிகளில் வீதியை விட்டு நாலைந்து அடி தள்ளி ஓட வேண்டும்.

---

ரியூசன் வாசல்

நான் படிப்பிக்கிறவள், என் பிள்ளைகள் எப்படி வருகிறார்கள் என்று நாளும் பார்க்கிறேன், அதனால் கோண்டாவில் தம்பியின் கட்சிதான். சுற்றுலாவை எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு பாதையில் காலை ஏழு மணிக்கு வெள்ளைச் சட்டைகள் வரிசையாகப் போனால் அந்தப் பாதையைப் பராமரிக்காமல் விட எந்தச் சபையாலும் முடியாது, பெற்றோர் விட மாட்டார்கள். சனிக்கிழமை மட்டும் ஆட்கள் வருகிற பாதையில் இரண்டு மாரி கழிந்தால் நாயுருவியும் முள்ளும்தான் மிஞ்சும்.

பெண்பிள்ளைகளின் விஷயத்தைத் தனியாக எழுதுங்கள். பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விட்டாலும் ரியூசன் முடிய இருட்டிவிடும். அந்த நேரம் அவர்கள் குறுக்கு ஒழுங்கையை விட்டுவிட்டு, தூரம் கூடினாலும், வாகன நெரிசல் உள்ள பெரிய வீதியால்தான் வருவார்கள். காரணம் வெளிச்சம் இல்லை, மதகடியில் குடித்துவிட்டு இருக்கிறவர்கள், கட்டாக்காலி நாய்கள். பகலில் மட்டும் பயன்படுகிற பாதையைப் பாதை என்று கணக்கில் எடுக்கக்கூடாது. முன்மொழியப்போகிற ஒவ்வொரு துண்டையும் மாலை ஆறரைக்கு ஒரு பெண்பிள்ளை தனியாக ஓடுவாளா என்று கேட்டுப் பாருங்கள், அவளையே கூட்டத்துக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். உங்கள் கூட்டத்தில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை.

இன்னொன்று ரயில் கடவைகள். 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015 தொடக்கத்தில் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பி வந்தது எல்லோருக்கும் சந்தோஷம். இடையில் இருபத்துநாலு வருடம் தண்டவாளமே இல்லாமல் வளர்ந்த ஊர், ஒழுங்கைகள் எல்லாம் அதைக் கடந்துதான் போகின்றன, பல இடங்களில் இன்னும் ஒழுங்கான கடவை இல்லை. பிள்ளைகள் கதைத்துக்கொண்டு சோடி சோடியாக வருவார்கள். எந்த ஒழுங்கையைத் தேர்ந்தாலும் அது தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில் படலையும் காவலாளியும் இருக்கிறார்களா என்று முதலில் பார்த்துவிட்டு எழுதுங்கள். இல்லையென்றால் பலகை நட்டு, பிள்ளைகளை நாங்களே ஆபத்துக்குள் அனுப்பியது போலாகும்.

---

வேலணைத் துறை

தீவுப்பகுதியைச் சுற்றுலாவுக்கு மட்டும் என்று ஒதுக்காதீர்கள், இங்கேயும் சனம் இருக்கிறது. ஆசுப்பத்திரிக்கும் கந்தோருக்கும் பட்டணம்தான் வர வேண்டும்.

ஊர்ச்சனம் கேட்டு ஏதும் நடந்ததா என்று கேட்டிருந்தீர்கள். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையில் கடலுக்கு மேலால் போகிற தாம்போதிக்கு ஏன் வாணர் தாம்போதி என்று பெயர்? அந்த வீதி வேண்டும் என்று பாடுபட்ட புங்குடுதீவு அம்பலவாணர் சகோதரர்களின் பெயர் அது. தீவாருக்கு வீதி எதற்கு, வள்ளம் போதாதா என்ற பேச்சுக்கு நடுவில் வாங்கியது. இப்படி ஒன்று நம் கண்முன் இருக்க, முன்மொழிவுக்கு முகவுரை தேடி அலையத் தேவையில்லை.

நடைமுறை விஷயம் இரண்டு. தண்ணீர்: தீவுகளில் கிணறு பெரும்பாலும் உவர், நிழலும் குறைவு. பண்ணையில் இருந்து குறிகட்டுவான் வரை முப்பது கிலோமீற்றருக்குக் கிட்ட வரும், இடையில் குடிக்கத் தண்ணீர் எங்கே எங்கே என்று எழுதாமல் பாதை கேட்காதீர்கள். நம் முன்னோர் வீதி போட்டபோது கூடவே கேணி, மடம், சுமைதாங்கி, மாட்டுக்கு ஆவுரஞ்சிக்கல் எல்லாம் வைத்தார்கள். பருத்தித்துறையில் வீதிக்கு மேலேயே கூரை போட்ட தெருமூடிமடம் இன்னும் நிற்கிறது. வழிப்போக்கருக்கு என்ன தேவை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதே ஒழுங்கில் கேளுங்கள், ஐந்தாறு கிலோமீற்றருக்கு ஒரு தண்ணீர்த் தாங்கியும் சின்னக் கொட்டிலும். கோயில்களும் தேவாலயங்களும் பொறுப்பெடுக்கும். மரம் நடுவதற்குக் கார்த்திகை மாதம் இருக்கவே இருக்கிறது, வடக்கில் அது மரநடுகை மாதம். தென்னையும் பனையும் போதாது, வேம்பும் வாகையும் வைக்க வேண்டும், நட்டதற்கு ஆடு கடிக்காமல் கூடும் வைக்க வேண்டும்.

மற்றது படகு. குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிற படகில் சைக்கிளை ஏற்றுவது இப்போது படகுக்காரரின் மனதைப் பொறுத்தது. திருவிழாக் காலத்தில் நினைக்கவே முடியாது. நெடுந்தீவு சைக்கிளுக்கென்றே அமைந்த தீவு, தரை மட்டம், வாகனம் குறைவு, பவளக்கல் வேலிகளுக்கு இடையால் ஓடலாம். சைக்கிளோடு போக முடியாமல் அங்கே பாதை போட்டு என்ன பயன்?

---

ஓய்வுபெற்ற ரீ.ஓ.

வீதி வேலையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக (ரீ.ஓ.) இருந்தவன் என்பதால் சில சொல்கிறேன்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பெரும்பாலான கடிதங்கள் செத்துப்போகின்றன. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கு. மிச்ச ஒழுங்கைகள் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளுக்கு. வல்லைவெளி சொன்ன பாலங்களும் தாம்போதிகளும் பெரும்பாலும் முதல் வகை, ரீச்சர் சொன்ன ஒழுங்கைகள் கடைசி வகை. இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டுப் பிரதேச சபைக்குக் கொடுத்தால் "இது எங்கள் வீதி அல்ல" என்று ஒரு வரியில் பதில் வரும், அத்தோடு கோவை மூடப்படும். ஒரே வரைபடம், மூன்று கடிதம், ஒவ்வொன்றிலும் மற்ற இரண்டுக்கும் பிரதி. இப்படிச் செய்யுங்கள்.

காலம் முக்கியம். சபைகளின் பாதீடு வருட முடிவுக்குள் நிறைவேற வேண்டும், அதற்கான வேலை ஆவணி புரட்டாதியிலேயே தொடங்கிவிடும். மார்கழியில் கொண்டுபோனால் அடுத்த வருடமும் போய்விடும்.

அளவுகளை எழுதுங்கள், "அகலமான பாதை" என்று எழுதாதீர்கள். ஒருவழிப் பாதைக்குக் குறைந்தது ஒன்றரை மீற்றர், இருபக்கமும் ஓடுவதென்றால் இரண்டரைக்குக் குறையக்கூடாது, மூன்று நல்லது. நம் ஒழுங்கைகளில் பலவற்றில் இரண்டு மதில்களுக்கு இடையில் மூன்று மீற்றர் கிடைப்பதே அரிது. அங்கே தனிப் பாதை கேட்டு மதிலை உடைக்கச் சொல்லாதீர்கள், ஊருக்குள் சண்டை வரும். வாகன வேகத்தைக் குறைக்கக் கேளுங்கள், இரண்டு முனையிலும் மேடு, நடுவில் பெரிய வாகனம் நுழையாதபடி ஒரு கல்.

காபெட் வீதிகளின் கரையைப் பற்றி யாரும் எழுதவில்லை. மேலே மேலே தார் போட்டு வீதி உயர்ந்துவிட்டது, கரை கிரவல் மழைக்குக் கரைந்து கீழே போய்விட்டது. பேருந்துக்கு இடம்விடக் கரைக்கு இறங்குகிற சைக்கிளின் முன்சில்லு அந்த விளிம்பில் பிடித்தால் விழுந்தே தீர வேண்டும். தனிப் பாதை கிடைக்க வருடங்கள் போகலாம், கரையை வீதி மட்டத்துக்கு நிரப்பி இறுக்குவது வழக்கமான பராமரிப்பு வேலை, அதை இந்த வருடமே கேட்கலாம். என்னைக் கேட்டால் நாட்டின் நீண்ட தூரப் பாதைகளுக்கு மிகக் குறைந்த செலவில் கிடைக்கக்கூடிய பெரிய பயன் இதுதான்.

---

கிளிநொச்சி வாய்க்கால்

குடாநாட்டுக்காரர் ஆனையிறவோடு படத்தை முடித்துவிட்டீர்கள், நாடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

தெற்கே போக ஏ9 ஐ நினைக்காதீர்கள். இரவுப் பேருந்துகளும் லொறிகளும் ஓடுகிற வீதி அது, எந்தக் கோடு போட்டாலும் நிம்மதியாக ஓட முடியாது. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததில் இருந்து நாவற்குழியால் கேரதீவு போய், பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை வழியாக மன்னாருக்கு ஏ32 இருக்கிறது. வாகனம் குறைவு, தரை மட்டம், மடுவுக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் அதனால் போகலாம். நிழலும் தண்ணீரும்தான் இல்லை, அதற்கு வேலணைத் துறை சொன்ன மருந்துதான்.

கிழக்குப் பக்கம் இன்னும் சுலபம், ஏனென்றால் பாதை ஏற்கெனவே இருக்கிறது. செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்கு நடக்கிற பாதயாத்திரை. முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், உகந்தை என்று நாட்டின் ஒரு கரை முழுவதும் போகிறது. எந்த ஊரில் தங்குவது, எந்தக் கோயிலில் சாப்பாடு, எங்கே தண்ணீர் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம். உகந்தைக்குப் பிறகு குமண, யால காடு, அது யாத்திரைக் காலத்தில் குறித்த நாட்களுக்குத்தான் திறக்கும், சைக்கிள் அந்தத் துண்டைச் சுற்றித்தான் போக வேண்டும். மற்றதெல்லாம் ஓடலாம். நாடு தழுவிய பாதை ஒன்று கேட்கிறவர்கள் இதைவிட உறுதியான காரணம் எங்கே தேடப் போகிறீர்கள்?

இரண்டு எச்சரிக்கை. முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலை வருடக்கணக்காக நடந்த இடம். பளை, நாகர்கோவில், முகமாலைப் பகுதிகளில் வீதியை விட்டு இறங்கிப் பற்றைக்குள்ளால் புதுப் பாதை கீறும் யோசனை யாருக்கும் வரவே கூடாது. அகற்றி முடித்துக் கையளித்த காணியா என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்காமல் ஒரு அடியும் சேர்க்காதீர்கள். வன்னிக்குள் யானை. அந்திக்குப் பிறகு காட்டுக்கரைத் துண்டுகளில் சைக்கிள் கூடாது என்று பலகையிலேயே எழுத வேண்டும்.

---

வரைபடப் பிள்ளை

எல்லாவற்றையும் வாசித்தேன். பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் 1995 இல் தொடங்கிய முறை ஒன்றைச் சொல்கிறேன், நமக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். ஹியூகோ பொலன் என்ற சுரங்கப் பொறியியலாளர் யோசித்தது. நீளமான பாதைகளுக்குப் பெயர் வைக்காமல், பாதைகள் சந்திக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண். 12 இல் நின்றால் 13 க்கும் 27 க்கும் அம்புக்குறி இருக்கும். போகிறவர் நாலைந்து எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு புறப்படுவார். பிறகு நெதர்லாந்து முழுக்கப் பரவியது. யாழ்ப்பாணத்தில் யாரும் வீதிப் பெயர் சொல்லி வழி சொல்வதில்லை, மருதனார்மடம் சந்தி, உரும்பிராய்ச் சந்தி, சத்திரச் சந்தி என்று சந்தியால்தான் சொல்வோம். சந்திக்கு எண் போட்டால் ஒரு துண்டு தாமதமானாலும் மற்றவை பயன்படும், புதுத் துண்டு வந்தால் ஒரு எண் கூடும், அவ்வளவுதான். மூன்று மொழிப் பலகையிலும் எண் ஒன்றேதான்.

பிரித்தானியாவில் நடந்ததையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே தொண்டர்கள் பிரிஸ்டலுக்கும் பாத்துக்கும் இடையில் கைவிட்ட ரயில் பாதையில் மண் வெட்டித் தொடங்கினார்கள், 1995 இல் லொத்தர் நிதி கிடைத்ததும் நாடு முழுக்க வேகமாகப் பாதை அறிவித்தார்கள். வரைபடத்தில் நீளம் கூடியது, ஆனால் பல துண்டுகள் வெறும் வாகன வீதியில் பலகை மட்டும். 2020 இல் ஏறத்தாழக் கால்வாசியை வலையமைப்பில் இருந்து அவர்களே நீக்கவோ தரம் மாற்றவோ வேண்டியதாயிற்று. எண்ணிக்கைக்காக ஓட முடியாத துண்டுகளைச் சேர்க்க வேண்டாம்.

வரைபடத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மப் என்ற இணைய வரைபடத்தைப் பயன்படுத்தலாம். இலவசம், குளம், மதகு, ஒழுங்கை எல்லாம் நாங்களே தமிழில் குறிக்கலாம். போனில் தடம் பதிவுசெய்து ஓடிவிட்டு வந்தால் மிச்சத்தை நான் செய்கிறேன்.

---

கோண்டாவில் பெடியன்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ரீச்சர், இதுவரை வந்த பெண்கள் மிகக் குறைவு, அடுத்த கூட்டத்தைப் பாடசாலை மண்டபத்தில் ஞாயிறு காலை வைத்து உயர்தரப் பிள்ளைகளையும் தாய்மாரையும் கூப்பிடுகிறோம். ரீ.ஓ. ஐயா சொன்னபடி மூன்று கடிதமாகப் பிரிக்கிறோம், பாலங்கள் முதலில். பருத்தித்துறை–தேவேந்திரமுனைக் கட்சிக்காரரிடம் பாதயாத்திரை விஷயத்தைச் சொன்னேன், அவர்களுக்கும் அது பிடித்திருக்கிறது.

ஒரு சந்தேகம். கிளிநொச்சி அண்ணை, இரணைமடுவின் வாய்க்கால் கரைகளில் சைக்கிள் ஓடுகிறார்கள்தானே, அவற்றை முன்மொழிவில் சேர்க்கலாமா? அவை நீர்ப்பாசனத்துக்கு உரியவை, யாரிடம் முதலில் போக வேண்டும்?

---

கிளிநொச்சி வாய்க்கால்

சேர்க்கலாம் தம்பி, ஆனால் திணைக்களத்துக்கு முதலில் போகாதேங்கோ. இடதுகரைக்கும் வலதுகரைக்கும் உள்ள கமக்காரர் அமைப்புகளிடம் முதலில் போங்கோ. வாய்க்கால் கரை அவர்களுக்கு உழவு மெசினும் அறுவடை மெசினும் போகிற வழி. விதைப்பு நேரமும் அறுவடை நேரமும் சைக்கிள் ஒதுங்கும், கட்டை யாரும் வெட்ட மாட்டோம், தூண் நட மாட்டோம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் அவர்கள் ஒரு கடிதம் தருவார்கள். அந்தக் கடிதத்தோடு நீர்ப்பாசனப் பொறியியலாளரிடம் போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். காலபோகம் தொடங்க முன் வந்தால் நான் கூட்டிக்கொண்டு போகிறேன், மழை தொடங்கினால் அவர்களைக் கூட்டத்துக்குப் பிடிக்க முடியாது.